நான்காவது குப்பி

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாண்டு எழுதுவது. நான் சுகம். அப்பாவும் சுகம், நேற்று ஒரு கொத்தனாரைச் சாரத்திலிருந்து கீழே இறக்கித் தெருவே கேட்கும்படி திட்டினார், அவ்வளவு சுகம். உன் இருமல் விட்டதா என்று எழுது.

தையல்கடை விலாசத்துக்கு நீ போட்ட கடிதம் பத்திரமாகக் கிடைத்தது. குண்டு அதைத் தன் அம்மாவின் கடையிலிருந்து எடுத்து, கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தாள். "உங்கக்கா கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்குடி. டாக்டராயிட்டாங்களா?" என்றாள். "ஆமா, கல்லுக்கு டாக்டர்" என்றேன். கல்லுக்கு எங்கே ஊசி போடுவார்கள் என்று வாத்தியார் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டார்ச்சைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அப்பாவின் குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும்.

மாடியில் அறை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். லாரிக்காரர்தான் ஆற்று மணலை வாசலில் கொண்டுவந்து கொட்டினார். கொட்டிவிட்டு அப்பாவிடம், "எங்கம்மாவைப் பார்த்துக்கப் பெரியவளை அனுப்பறேன்னு சொன்னே மேஸ்திரி. அவ கம்பி நீட்டிட்டா. சரி, வீட்டுல இன்னொண்ணு இருக்கில்ல" என்றார். அவர் அம்மா படுத்த படுக்கை. எந்த வேலைக்காரியும் அங்கே நிலைப்பதில்லை. கைக்கு எட்டியதைத் தூக்கி அடிப்பாளாம். அப்பா யோசிக்கவே இல்லை. "தளம் போட்டு முடியட்டும். அதுவரைக்கும் ஆளுங்களுக்குச் சமைக்கவும் சுவத்துக்குத் தண்ணி விடவும் இவ வேணும். அப்புறம் உங்க வீட்டோடவே இருக்கட்டும்" என்றார்.

வீட்டோடவே என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதானே நீ ஓடினாய். போகும்போது என் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வருஷம். வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாய். வருஷம் முடிந்துவிட்டது. தளம் போடுவதற்குள் வந்துவிடு அக்கா.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
வாண்டு


ஜூன் 26

என் செல்ல வாண்டுக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன். இருமல் போய்விட்டது, அதற்குப் பதில் கண்ணெரிச்சல் வந்திருக்கிறது. நாளெல்லாம் நுண்ணோக்கியில் மணல் பார்த்தால் வேறென்ன வரும்? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது? கணக்கில் எவ்வளவு என்று மறைக்காமல் எழுது.

சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு வேலை காலியாகப் போகிறது. நான் எடுத்திருக்கும் ஆய்வு நன்றாக முடிந்தால் புரொபசர் அம்மா அதை எனக்கே வாங்கித் தருவார். வேலை வந்தால் தனி வீடு. தனி வீடு வந்தால் நீ.

அந்த ஆய்வுக்கு உன் உதவி வேண்டும். நம் ஊர்க் கடற்கரையில் இருக்கிற மாதிரி மணல்மேடு இந்தப் பக்கம் கிடையாது. மலையில் பாறை வெயிலிலும் மழையிலும் உதிரும்போது அதில் பல கனிமங்கள் இருக்கும். மென்மையானவை வழியிலேயே கரைந்தோ களிமண்ணாகியோ போய்விடும். குவார்ட்ஸ் மாதிரிக் கெட்டியானதுதான் பெரும்பாலும் கடல்வரை வந்து சேரும். அதன் உடம்பைப் பார்த்தால் அது வந்த வழி தெரியும். அதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

இருமல் மருந்துக் குப்பிகளைக் கழுவிக் காயவைத்துக்கொள். முதலாவது, அலை தொடும் இடம். இரண்டாவது, மேட்டின் அடி. மூன்றாவது, உச்சி. நான்காவது, பின்சரிவு. மேல்மணலை விரலளவு ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடு. ஐந்தும் ஆறும் எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

என் விலாசம் உன் தலைக்குள் மட்டும் இருக்கட்டும். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வந்து முடியைப் பிடித்து இழுத்துப்போய் லாரிக்காரர் வீட்டில் தள்ளுவார்.

முத்தங்களோடு,
அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் கண்ணுக்குப் பசும்பால் நல்லது என்று குண்டு சொல்கிறாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் மருந்து.

மூன்று குப்பிகள் இத்துடன் வருகின்றன. பள்ளி விட்டதும் நானும் அவளும் போனோம். உச்சியில் காற்று கன்னத்தில் ஊசி குத்துகிற மாதிரி மணலை அடித்தது. குண்டு கண்ணை மூடிக்கொண்டு, "மணல்ல என்னடி படிக்க இருக்கு? எல்லாம் ஒரே மணல்தானே" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் சொல்லவில்லை. வரும் வழியில் அவள் செருப்பு மணலுக்குள் போய்விட்டது. தேடித் தேடிச் சிரித்தோம். நாளை பின்சரிவுக்குப் போவேன்.

கணக்கில் ஐம்பத்தெட்டு. மாடிச் சுவர் என் இடுப்பளவு வந்துவிட்டது.

வாண்டு


ஜூலை 29

வாண்டுக்கு,

நலமே. மூன்று குப்பிகளும் உடையாமல் வந்தன. நீ எடுத்த விதத்தைப் பார்த்துப் புரொபசர் அம்மாவே, "யார் எடுத்தது? பழகின கை மாதிரி இருக்கே" என்றார். தெரிந்த பெண் ஒருத்தி என்றேன். உச்சி மணல் அற்புதம். பின்சரிவு மணலைச் சீக்கிரம் அனுப்பு. அது இல்லாமல் ஆய்வு நொண்டும்.

ஐம்பத்தெட்டு போதாது. பள்ளியில் எதுவரை நடத்தியிருக்கிறார்கள்? விடுபட்ட பாடம் ஏதாவது இருந்தால் எழுது, நான் விளக்குகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு டார்ச்தான் காரணம். நீ எப்படி இருக்கிறாய்?

நான்காவது குப்பி அனுப்பியிருக்கிறேன். மேட்டின் பின்சரிவு. நீ சொன்னபடி விரலளவு ஒதுக்கிவிட்டு எடுத்தேன்.

குண்டு இப்போது தைத்த துணி கொடுக்கிற சாக்கில் வீட்டுக்கே வருகிறாள். வேலை அதிகம். ஆட்களுக்கு இரண்டு வேளைச் சமையல். சுவர் தலைக்கு மேலே போய்விட்டது. படிப்பு போகிறது.

தனி வீடு எப்போது கிடைக்கும் என்று எழுது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. நான் அடுப்பு மேடைக்குக் கீழேயே படுத்துக்கொள்வேன்.

வாண்டு


செப்டம்பர் 6

வாண்டுக்கு,

நலம். நான்காவது குப்பி வந்தது. மணல் நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது. ஐந்தும் ஆறும் அனுப்பு. பின்சரிவிலேயே வேறு வேறு இடத்தில் எடு. அவசரமில்லை, ஆனால் அனுப்பிக்கொண்டே இரு.

அடுத்த மாதம் கருத்தரங்கு. அது முடியட்டும், உன் விஷயத்தை யோசிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. அப்பாவை எதிர்த்துப் பேசாதே.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஐந்தாவதும் ஆறாவதும் இத்துடன்.

தளத்துக்குப் பலகையும் முட்டுக்கட்டையும் வந்து இறங்கிவிட்டன. கம்பி கட்டுகிறவர்கள் வந்தால் அப்புறம் கான்கிரீட்தான். லாரிக்காரர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கையி அம்மாவைத் தூக்கித் திருப்புமா?" என்று கேட்டார். "செங்கல் தூக்குது, கிழவியைத் தூக்காதா?" என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா தினமும் சாப்பிடும்போது ஒரே கேள்வி கேட்கிறார். "அவ எங்க இருக்கான்னு சொல்லு. பேசினபடி பெரியவளை அனுப்பிட்டா நீ பாட்டுக்குப் படிக்கலாம். நான் ஏன் தடுக்கப்போறேன்?" குரலை உயர்த்தாமல், இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கிற மாதிரிக் கேட்கிறார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதுவரை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

கருத்தரங்கு முடியும்வரை காத்திருக்காதே. தெருமுனை வரைக்கும் வந்தால் போதும், நான் ஓடிவந்துவிடுவேன்.

வாண்டு


அக்டோபர் 17

வாண்டுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கருத்தரங்கு வேலையில் மூச்சுவிட நேரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் பேசியது எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. உனக்கும் புரியும், கேள். தண்ணீருக்குள் இரண்டு மணல் துகள் மோதினால் நடுவில் தண்ணீர் மெத்தை மாதிரி நின்று அடியைத் தாங்கிக்கொள்ளும். காற்றில் அந்த மெத்தை கிடையாது. ஒவ்வொரு மோதலும் நேரடி அடி. மூலைகள் உடைந்து துகள் உருண்டையாகும். பளபளப்புப் போய், குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற மங்கல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மணல்மேட்டில் இப்படி அடிபட்டவைதான் அதிகம், அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஆற்று மணல் வேறு. சர்க்கரை மாதிரி மூலை மூலையாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும், நடுநடுவே காக்காப்பொன், அதாவது மைக்கா, தகடு தகடாக மினுங்கும். மேட்டில் காக்காப்பொன் நிற்காது. இலேசானது, காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு சிட்டிகையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சின்னக் குழந்தைகூட இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும் என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

தளத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. கான்கிரீட் போட்டாலும் காய்ந்து பலகை பிரிக்க நாளாகும். அதற்குள் பார்ப்போம்.

அக்கா


அக்டோபர் 29

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனமில்லை.

குண்டு வீட்டில் ஊசி கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை வாங்கி வரச்சொன்னேன். என் பழைய சீருடையின் ஓரத்து மடிப்பில் மேட்டு மணல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைக் கறுப்பு மூடி ஒன்றில் தட்டினேன். பக்கத்திலேயே இன்னொரு சிட்டிகை வைத்தேன். அது எங்கேயிருந்து எடுத்தது என்று இப்போது சொல்கிறேன்.

மூன்று குப்பிகளை அனுப்பிய மறுநாள் பின்சரிவு மணலோடு வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். என் சீருடை ஓரத்தைப் பிடித்து, இரண்டு விரலால் தேய்த்து, நாக்கில் வைத்தார். "உப்பு. நம்ம குவியல் மணல் இல்ல இது" என்றார். பையில் இருந்த குப்பியைப் பார்த்தார். "மணலை மருந்து மாதிரிப் புட்டியில அடைக்கிற பைத்தியம் இந்த வீட்டுல ஒருத்திதான். கல்லு மண்ணுன்னு படிக்கப் போனாளே, அவ. எங்க இருக்கா?" என்றார். தெரியாது என்றேன். சிமென்ட் பூசுகிற கரணையின் பிடியால் என் வலது கை விரல்களில் அடித்தார். இரண்டு விரல் இன்னும் மடங்குவதில்லை.

பிறகு அந்தக் குப்பியோடு என் பள்ளிப் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். பாதி எழும்பிய சுவருக்குள் அதை வைத்து, என்னைச் செங்கல் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். மேலே மூன்று வரிசை கட்டி, மட்டம் பார்த்துவிட்டு, "படிப்பு இனிமே பத்திரமா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து வாசலைத் தாண்டினதில்லை.

நான்கு, ஐந்து, ஆறு, மூன்றையும் வாசல் குவியலில்தான் அள்ளினேன். எல்லாம் ஒரே மணல்தானே, உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். மணல் வராவிட்டால் ஆய்வு நொண்டும், வேலை கிடைக்காது, நீ வரமாட்டாய் என்று பயந்தேன்.

இப்போது கண்ணாடியில் பார்த்துவிட்டேன். ஒன்று மங்கல் உருண்டை. இன்னொன்று சர்க்கரை. காக்காப்பொன் மினுங்குகிறது. சிமென்ட்கூட ஒட்டியிருக்கிறது. சின்னக் குழந்தை பிரிக்கும் என்கிறாய். நீ நாளெல்லாம் இதையே பார்க்கிறவள். நான்காவது குப்பியைத் திறந்த அன்றே நான் வீட்டுக்குள் கிடக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. மணல் நன்றாக இருக்கிறது என்று எழுதினாய். உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். அந்தக் கடிதத்திலிருந்து நீ என் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் தப்பாக நினைத்திருந்தால் திட்டி எழுது. திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது.

வாண்டு


நவம்பர் 12

வாண்டுக்கு,

நீ தப்பாக நினைக்கவில்லை.

குப்பியைத் தட்டில் கொட்டியதுமே தெரிந்தது. அது என்ன மணல், எந்தக் குவியல், நீ ஏன் அதை அள்ளினாய், எல்லாம் தெரிந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். ஆய்வுக்கு முதல் மூன்றே போதுமானதாக இருந்தது. மற்றதை ஏன் கேட்டேன் என்றால், குப்பி வருகிறவரை உன்னை இன்னும் அனுப்பவில்லை என்று பொருள். அதற்கு மேல் யோசிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இங்கே வந்தபோது எனக்கு யாருமே இல்லை, எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அதனால்தான் விடுதியில் இடம் கொடுத்தார்கள். அதனால்தான் புரொபசர் அம்மா பண்டிகைக்குக்கூட என்னைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். போன வாரம் வேலையும் உறுதியாகிவிட்டது, வீடும் கிடைத்துவிட்டது. இப்போது ஒரு தங்கையைக் கொண்டுவந்து எந்தக் கல்லறையிலிருந்து எழுந்து வந்தாள் என்று சொல்வது? நீ வந்தால் பின்னாலேயே அப்பாவும் வருவார்.

அந்தக் கிழவிக்கு இன்னும் எத்தனை காலம்? கொஞ்சம் பொறுத்துக்கொள். நம் அம்மா போனபின் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டில் நான் எவ்வளவு பொறுத்தேன் என்று நினைத்துப் பார். என் முறை முடிந்தது.

இனி தையல்கடைக்கு எழுத மாட்டேன். நீயும் எழுதாதே. விலாசத்தை மறந்துவிடு. நீ நல்ல பெண். சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


நவம்பர் 24

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்களுக்கு வேலையும் வீடும் கிடைத்தது பற்றி மிக்க மகிழ்ச்சி.

இதைக் கூடத்தில், விளக்குப் போட்டு, மேஜைமேல் வைத்து எழுதுகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சிமென்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும்.

முந்தாநாள் தளம் போட்டாயிற்று. காலையிலிருந்து கலவை மெஷின் சத்தம் காதை அடைத்தது. வேலை முடிந்து எல்லாரும் போனபின் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அலுப்பில் அன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஊர், தெரு, விடுதியின் பெயர், ஆய்வுக்கூடம் எந்தக் கட்டடம், எல்லாம் சொன்னேன். சோற்றுக் கையோடு அப்படியே இருந்தார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன். அடிக்கவில்லை. என் தட்டில் இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினார்.

விஷயம் கேட்டு லாரிக்காரர் வந்தார். "எனக்கு எந்தப் பொண்ணா இருந்தா என்ன? பெரியவளா இருந்தா நல்லா தூக்குவா" என்று சொல்லித் தன் வண்டியையே தருகிறேன் என்றார். அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டு வந்தார். வருகிற வாரத்திலிருந்து போகலாமாம். பையை எடுக்கச் சுவரை இடிக்க முடியாது என்று புதுப் பை வாங்கித் தந்தார். குண்டு அதைத் திறந்து பார்த்துவிட்டு, "எப்படிடி மனசு வந்துச்சு?" என்று கேட்டாள்.

தாங்கள் மாறியிருப்பீர்கள், கட்டடத்துக்குள் பல பெண்கள் இருப்பார்கள், ஆளைக் காட்ட நானும் வர வேண்டும் என்கிறார் அப்பா. நாளை விடியலில் கிளம்புகிறோம். என்னைக் கூட்டிக்கொண்டு போக நீங்கள் வர வேண்டியதில்லை, நானே அங்கே வருகிறேன். புரொபசர் அம்மாவிடம் நான் உங்கள் கூடப்பிறந்தவள் என்று நானே சொல்லிக்கொள்வேன். நீங்கள் எதுவும் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம்.

தபால் மெதுவாகத்தான் போகும், இந்தக் கடிதத்துக்கு முன்னால் வண்டி போய்ச் சேர்ந்துவிடும் என்று குண்டு சொல்கிறாள். எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவர் கடிதம் போட்டால் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று சின்ன வயதில் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழவி கனமானவளாம்.

தங்கள் தங்கை